ஜப்பானில் பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் என்னிடம், "ஜப்பான் அனுபவங்கள் பற்றி அரை மணி நேரம் பேசுங்க" என்று சொன்னார். புல்லட் ரயில், பூகம்பம், செர்ரிப் பூ இதெல்லாம் நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்ததுதான். அதை நான் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம் கல்லூரியிலிருந்து ஜப்பானுக்கு வேலைக்கு வர நினைக்கிற தம்பிகள் என்னிடம் போனில் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, சம்பளம், வீடு எல்லாம் சரி. பிள்ளைங்க படிப்புக்கு என்ன பண்றது? எந்த இன்டர்நேஷனல் ஸ்கூல் நல்ல ஸ்கூல்?" இன்று அதைப் பற்றியே பேசுகிறேன்.

1919-ல் தொடங்கிய இந்த இஸ்லாமியா கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு, ஆம்பூரில் ஒரு டேனரி ஆய்வகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். 2009-ல் டோக்கியோவுக்குப் போனேன். அங்கே அசகுசா என்ற பகுதி செருப்புக்கும் தோல் பொருளுக்கும் பேர் போனது. நம்ம ஊர்க்காரனுக்கு அங்கே மூக்கே வழி காட்டிவிடும்! அங்கு ஒரு தோல் வணிக நிறுவனத்தில் வேலை. அப்போது என் மகளுக்கு ஐந்து வயது. மகன் பிறகு 2012-ல் பிறந்தான். இந்த இரண்டு பிள்ளைகளும் இரண்டு விதமான பள்ளிகளில் படித்தவர்கள். ஆகவே இரு பக்கத்துக் கணக்கையும் என்னால் சொல்ல முடியும்.

நம்மவர்கள் கூடும் இடம்

டோக்கியோவின் கிழக்கே எடோகவா என்ற வட்டாரத்தில் நிஷிகசாய் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. இந்தியக் குடும்பங்கள் மிகுதியாக வாழும் இடம் அது. தேயிலை வணிகத்துக்காக வந்த ஜக்மோகன் சந்திராணி என்பவர் 1979-லிருந்து அங்கே இருக்கிறார். 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரி செய்ய நம் நாட்டுப் பொறியாளர்கள் கூட்டம் கூட்டமாக வந்தபோது, அவர்களுக்கு வீடு பிடித்துத் தருவதில் முன்நின்றவர் அவர். வேலை செய்யும் ஒதேமாச்சி, நிஹோன்பாஷி பகுதிகளுக்கு அங்கிருந்து ஒரே ரயிலில் போகலாம். அரசு சார்ந்த வீட்டுவசதி நிறுவனத்தின் அடுக்குமாடிகளில் ஜாமீன்தாரர் கேட்பதில்லை. இதனால் அந்தப் பகுதி நம்மவர்களுக்குத் தோதாகிவிட்டது.

குடும்பங்கள் வந்தால் பள்ளி வர வேண்டும் அல்லவா? 2004-ல் 'இந்தியா இன்டர்நேஷனல் ஸ்கூல் இன் ஜப்பான்' தொடங்கியது. 2006-ல் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'குளோபல் இந்தியன் இன்டர்நேஷனல் ஸ்கூல்' டோக்கியோவுக்கு வந்தது. இரண்டிலும் நம் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் உண்டு. வேடிக்கை என்னவென்றால், 2007 வாக்கில் ஜப்பானியர்களுக்கு இந்தியக் கணக்கு மேல் ஒரு மோகம் வந்தது. இந்தியப் பிள்ளைகள் 19 பெருக்கல் 19 வரை மனப்பாடமாகச் சொல்வார்கள் என்று புத்தகம் புத்தகமாகப் போட்டார்கள். ஜப்பானியப் பெற்றோரும் இந்தியப் பள்ளி வாசலில் வந்து நின்றார்கள். அலுவலகத்தில் என்னையும் கேட்டார்கள், "உங்களுக்கும் பத்தொன்பது வரை தெரியுமா?" என்று. நான் பதினாறாம் வாய்ப்பாட்டோடு நின்றவன். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டேன்.

மூன்று கதவுகள்

ஜப்பானில் ஒரு இந்தியக் குழந்தைக்கு மூன்று கதவுகள் திறந்திருக்கின்றன.

முதல் கதவு, பழைய பெரிய பன்னாட்டுப் பள்ளிகள். யோகோஹாமாவில் உள்ள செயின்ட் மோர் பள்ளி 1872-ல் தொடங்கியது. டோக்கியோவின் அமெரிக்கன் பள்ளி 1902-ல் தொடங்கியது. கோபே நகரின் கனடியன் அகாடமி 1913-ல் வந்தது. கோபேயில் நம் நாட்டு வணிகக் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. 1935-ல் அங்கே கட்டிய பள்ளிவாசல்தான் ஜப்பானின் முதல் பள்ளிவாசல். இந்தப் பெரிய பள்ளிகள் அருமையானவை, சந்தேகமில்லை. ஆனால் கட்டணம் ஆண்டுக்கு 25 லட்சம் யென்னைத் தாண்டும். நம் பணத்தில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். கம்பெனி கட்டினால் போகலாம். கைக்காசு போட்டு இரண்டு பிள்ளைகளை அங்கே படிக்க வைப்பது சம்பளக்காரனால் ஆகாத காரியம்.

இரண்டாவது கதவு, நான் சொன்ன இந்தியப் பள்ளிகள். கட்டணம் இவற்றில் வெகுவாகக் குறைவு. பாடமும் நமக்குப் பழகியது.

மூன்றாவது கதவைப் பலர் பார்ப்பதே இல்லை. அது ஜப்பானிய அரசுப் பள்ளி. அயல்நாட்டுப் பிள்ளை என்றாலும் வட்டார அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்து விண்ணப்பித்தால் சேர்த்துக்கொள்வார்கள். தொடக்கப் பள்ளி ஆறு ஆண்டு, நடுநிலைப் பள்ளி மூன்று ஆண்டு, ஆக ஒன்பது ஆண்டும் கல்விக் கட்டணம் கிடையாது. பாடப் புத்தகமும் இலவசம். பள்ளி ஏப்ரலில் திறக்கும்.

ஆனால் இங்கே ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. கட்டாயக் கல்வி என்பது ஜப்பானியக் குடிமக்களுக்குத்தான். நம் பிள்ளையைச் சேர்க்காவிட்டால் யாரும் சட்டப்படி வந்து கேட்க மாட்டார்கள். 2019-ல் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் முதன்முறையாக நாடு முழுவதும் கணக்கெடுத்தபோது, ஏறக்குறைய 20 ஆயிரம் அயல்நாட்டுப் பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் இல்லாமல் இருக்கலாம் என்று தெரிய வந்தது. ஜப்பான் போன்ற ஒரு நாட்டில் இது நடக்கிறது! "அரசாங்கம் பார்த்துக்கும்" என்று இருந்துவிட முடியாது. பொறுப்பு முழுக்கப் பெற்றோருடையது.

பெயர்ப் பலகையை நம்பாதீர்கள்

இங்கே நம் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் பஸ்ஸில் வரும்போது பாருங்கள், எத்தனை 'இன்டர்நேஷனல் ஸ்கூல்' பலகை! ஜப்பானிலும் அதே கதைதான். அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

ஜப்பானில் 1947-ஆம் ஆண்டின் பள்ளிக் கல்விச் சட்டம் இருக்கிறது. அதன் முதல் பிரிவில் வருபவைதான் முழுமையான பள்ளிகள். பன்னாட்டுப் பள்ளிகளில் பெரும்பாலானவை அந்தப் பிரிவில் வருவதில்லை. நல்ல பள்ளிகள் பல 'ககுஷு கக்கோ' என்ற வேறொரு வகையில் மாநில ஆளுநரின் அங்கீகாரம் பெற்று நடக்கின்றன. அந்த அங்கீகாரமும் இல்லாமல் வெறும் கம்பெனியாகப் பதிவு செய்து நடத்துகிற 'பள்ளி'களும் உண்டு. வெளியில் பார்த்தால் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. அதே சீருடை, அதே ஆங்கிலப் பாட்டு.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், பேரணாம்பட்டுக்காரர்கள், வீட்டுக்குப் பக்கம் என்று ஒரு சிறிய பள்ளியில் பையனைச் சேர்த்தார்கள். நடு ஆண்டில் ஒரு நாள் கடிதம் வந்தது, அடுத்த மாதத்தோடு மூடுகிறோம் என்று. கட்டிய பணத்தில் பாதிதான் திரும்ப வந்தது. பணம் கூடப் போகட்டும். அந்தப் பையன் கையில் இருந்த மதிப்பெண் சான்றிதழை அடுத்த பள்ளி ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு வகுப்பு கீழே உட்கார வைத்தார்கள். எட்டு வயதுப் பிள்ளை, "நான் என்ன தப்பு பண்ணேன் அத்தா?" என்று கேட்டானாம். அவர் அதைச் சொல்லும்போது எனக்குப் பதில் பேச வரவில்லை.

ஆகவே எந்தப் பள்ளிக்குப் போனாலும் கூச்சப்படாமல் ஐந்து கேள்வி கேளுங்கள். உங்களுக்கு எந்த அங்கீகாரம் இருக்கிறது? போன ஆண்டு இங்கே படித்து முடித்த பிள்ளைகள் இப்போது எங்கே படிக்கிறார்கள்? ஆசிரியர்கள் எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஜப்பானிய மொழி? இங்கே முடித்தால் எந்த விதியின்படி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம்? இந்த ஐந்தாவது கேள்வி முக்கியம். 2003-லிருந்துதான் குறிப்பிட்ட சில சர்வதேச அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற பன்னாட்டுப் பள்ளி மாணவர்கள் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களுக்கு நேரடியாக விண்ணப்பிக்க வழி பிறந்தது. எல்லாப் பள்ளிக்கும் அது பொருந்தாது. நல்ல பள்ளி என்றால் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும்.

பதினைந்து வயதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று கேட்பதைவிட, 'என் பிள்ளை பதினைந்து வயதில் எந்த நாட்டில், எந்த மொழியில் பரீட்சை எழுதப் போகிறது?' என்று கேளுங்கள். இன்று நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

ஏன் பதினைந்து? ஜப்பானில் மேல்நிலைப் பள்ளி கட்டாயமல்ல. பதினைந்து வயதில் நுழைவுத் தேர்வு எழுதித்தான் போக வேண்டும். அது ஜப்பானிய மொழியில் நடக்கும். ஏறக்குறைய அதே வயதில்தான் இங்கே பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு.

மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் என்பவர் கனடாவில் குடியேறிய பிள்ளைகளை வைத்து ஒரு உண்மையைச் சொன்னார். புதிய மொழியில் பேசிப் பழக ஒரு பிள்ளைக்கு இரண்டு ஆண்டு போதும். ஆனால் அந்த மொழியில் பாடம் படித்து, மற்ற பிள்ளைகளுக்குச் சமமாகப் பரீட்சை எழுத ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். நாம் ஏமாறுவது இங்கேதான். பிள்ளை பூங்காவில் ஜப்பானியக் குழந்தைகளோடு மளமளவென்று பேசுவதைப் பார்த்து, "மொழி வந்துடுச்சு" என்று நினைத்துவிடுகிறோம். ஜப்பானியத் தொடக்கப் பள்ளி ஆறு ஆண்டில் 1,026 சீன எழுத்துக்களைச் சொல்லித் தருகிறது. முதல் வகுப்பில் 80 எழுத்துதான். வகுப்பு ஏற ஏறச் சுமை கூடும். பேச்சு வந்த பிள்ளைக்கு இந்த எழுத்தும் வந்துவிட்டது என்று பொருளல்ல.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு வயதில் முதல் வகுப்பில் சேர்கிற பிள்ளைக்கு ஒன்பது ஆண்டு இருக்கிறது. தாராளமாகப் போதும். பன்னிரண்டு வயதில் வருகிற பிள்ளைக்கு மூன்றே ஆண்டு. அந்தப் பிள்ளையை ஜப்பானியப் பள்ளியில் போடுவது பெரும் பாரம். நம் பாடத்திட்டமோ ஆங்கிலப் பாடத்திட்டமோதான் அதற்கு நல்லது. எட்டு, ஒன்பது வயதில் வரும் பிள்ளைகளின் நிலைதான் இழுபறி. அங்கே நீங்கள் எத்தனை ஆண்டு இருக்கப் போகிறீர்கள் என்பது தீர்மானிக்கும்.

என் மகள் விஷயத்தில் எங்களுக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம்தான் கையில் இருந்தது. ஆகவே இந்தியப் பள்ளி. 2011 மார்ச் 11 பூகம்பமும் ஆழிப்பேரலையும் வந்தபோது, அணு உலை விபத்துக்குப் பயந்து பல குடும்பங்கள் ஊர் திரும்பின. என் மனைவியும் மகளும் இங்கே வந்தார்கள். மூன்று மாதம் இங்குள்ள பள்ளியில் அதே பாடத்தைத் தொடர்ந்து படித்து, பிறகு டோக்கியோ வந்து விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டாள். பாடத்திட்டம் ஒன்றாக இருந்ததன் அருமை அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பெங்களூரில் பொறியியல் படித்து இன்று வேலையில் இருக்கிறாள். ஆனால் பன்னிரண்டு ஆண்டு டோக்கியோவில் இருந்தும் அவளுடைய ஜப்பானிய மொழி கடைத்தெரு அளவில்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பிறந்த நாளுக்குப் போனால் ஓரமாகத்தான் உட்கார்ந்திருப்பாள். அது ஒரு விலை.

மகன் பிறந்தபோது நிரந்தரமாகத் தங்கும் நிலை வந்துவிட்டது. 2019 ஏப்ரலில் அவனை வட்டார அரசுப் பள்ளியில் சேர்த்தோம். ஜப்பானிய மொழி தெரியாத பிள்ளைகளுக்குத் தனியாக மொழி கற்பிப்பதை 2014-லிருந்து முறையான பாடமாகவே சேர்த்திருக்கிறார்கள். அதுவும் உதவியது. தமிழும் உதவியது. 'அவன் பள்ளிக்குப் போனான்' என்று நாம் சொல்கிற அதே வரிசையில்தான் ஜப்பானியரும் சொல்கிறார்கள். வினை கடைசியில் வரும், 'க்கு' போன்ற உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். வீட்டில் நல்ல தமிழ் பேசுகிற குழந்தைக்கு இது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

அந்தப் பள்ளியில் பிள்ளைகளே சாப்பாடு பரிமாறி, வகுப்பறையையும் கூட்டித் துடைக்கிறார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து நடத்தியே அழைத்துப் போகிறார்கள். மதிய உணவுப் பட்டியல் மாதா மாதம் முன்கூட்டியே வரும், என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற விவரத்தோடு. நான் மாட்டிறைச்சி வரும் நாளைச் சிவப்பில் வட்டமிடுவேன், அந்தப் பேரணாம்பட்டு நண்பர் பன்றி இறைச்சி வரும் நாளை வட்டமிடுவார். அன்றைக்கு வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ். ஆசிரியையிடம் முன்பே எழுதிக் கொடுத்தால் போதும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. மகன் இப்போது ஜப்பானிய மொழியில்தான் கணக்குப் போடுகிறான், கனவும் அதில்தான் காண்கிறான் போல. ஒரு பிள்ளையின் மொழி எது என்று தெரிய வேண்டுமானால், கடையில் மீதிச் சில்லறையை எந்த மொழியில் வாய்க்குள் எண்ணுகிறான் என்று பாருங்கள். ஏழு வயதில் அவன் என் அம்மாவிடம் போனில் பேசும்போது, அம்மா பேசுவது அவனுக்குப் புரியும், பதில் வராது. "ஏன்டா, பேரன் என்கிட்ட பேச மாட்டேங்கிறான்? கோவமா?" என்று அம்மா என்னைக் கேட்டார்கள். கோபமில்லை, அவனுக்குச் சொல் கிடைக்கவில்லை என்று எழுபது வயதுத் தாய்க்கு எப்படி விளக்குவது?

பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்றே இருக்கின்றன. அது 2001-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய நிறுவனம். அந்தப் பாடத்தை ஒரு பிரதி எடுத்து இங்கே அம்மாவிடம் கொடுத்தேன். ஞாயிறு காலை அரை மணி நேரம் பாட்டிதான் டீச்சர். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்கள். 'ழ' வராவிட்டால் விட மாட்டார்கள். இரண்டு ஆண்டு விடாமல் நடந்தது. இன்று பையன் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். பாட்டியிடம் சண்டை போடுகிற அளவுக்குத் தமிழ் வந்துவிட்டது!

மாணவர்களுக்கு ஒரு சொல்

தம்பிகளே, தங்கைகளே! 2025 ஆகஸ்டில் இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்பாட்டில், ஐந்து ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து 50 ஆயிரம் திறன்மிகு பணியாளர்கள் ஜப்பானுக்கு வர வழி செய்வது என்று வைத்திருக்கிறார்கள். உங்களில் சிலர் வரக்கூடும். வருவதற்கு முன் விசாவின் வகையைப் பாருங்கள். பொறியாளர் வகை விசாவில் மனைவி மக்களை அழைத்து வரலாம். 'குறிப்பிட்ட திறன்' என்ற விசாவுக்கு இந்தியாவுடன் 2021 ஜனவரியில் ஒப்பந்தம் ஆயிற்று. அதன் முதல் வகையில் மொத்தம் ஐந்து ஆண்டு வரை இருக்கலாம், குடும்பத்தை அழைத்து வர முடியாது. இரண்டாம் வகைக்கு உயர்ந்தால்தான் முடியும். ஏஜெண்டுகள் இதைக் கடைசியில்தான் சொல்வார்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டு வருகிறவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பல மொழி ஒன்றும் புதிதல்ல. என்னோடு விடுதியில் இருந்த நண்பன் வீட்டில் உருது பேசுவான், தெருவில் தமிழ், மதரஸாவில் அரபு, வகுப்பில் ஆங்கிலம், ஆந்திர எல்லைக்குப் போனால் தெலுங்கு. யாரும் அவனை மேதை என்று சொன்னதில்லை. வாணியம்பாடியில் அது சாதாரணம். அப்படி வளர்ந்த நாம் டோக்கியோவில் போய், பிள்ளைக்கு ஒரு மொழியைக் கொடுக்க இன்னொரு மொழியைப் பறிக்க வேண்டும் என்று ஏன் நினைக்க வேண்டும்? பள்ளி ஒரு மொழியைக் கொடுக்கும். மற்றதை வீடு கொடுக்க வேண்டும். பள்ளிக் கட்டணத்தில் வீட்டு மொழிக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டோம் என்று எண்ணக் கூடாது.

நிஷிகசாயில் நம் ஆட்கள் பத்துப் பதினைந்து குடும்பம் இருக்கிறோம். அங்கு வருகிறவர்கள் பள்ளி பார்க்கப் போகும்போது ஒருவர் கூட வருவோம். விண்ணப்பப் படிவம் ஜப்பானிய மொழியில் இருந்தால் நிரப்பித் தருவோம். சங்கத்தின் மூலம் தொடர்பு கொள்ளுங்கள். பள்ளியை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்; தனியாக நின்று முடிவு செய்ய வேண்டியதில்லை.